முற்றும் எச்சமும்: ஊவாத் தோட்டங்களில் ஆங்கில வினை

ஊவாவின் பெருந்தோட்டங்களில் ஆங்கிலமும் தமிழும் சந்தித்த வரலாறு பெரும்பாலும் ஏவல் வினையின் வரலாறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் என்பார் தோட்டத்துச் சின்னத்துரைமாருக்கென ஆக்கிய தமிழ்க் கைந்நூலின் தலைப்பே 'இங்கே வா' என்பது. 1915 இல் வெல்ஸ் வெளியிட்ட நூலோ 'கூலித் தமிழ்' எனப் பெயர் தாங்கிற்று. கட்டளையிடுவோனுக்கு முற்றுவினையே போதும். காரணம் கூறவும், நிபந்தனை விதிக்கவும், நிகழ்ந்ததைத் தொடர்ந்து விவரிக்கவும் முற்படும்போதே 'வந்து', 'வந்தால்', 'வந்த' என்னும் எச்சங்கள் பெரிதும் வேண்டப்படுகின்றன.

மறுபுறத்தே பசறை, லுணுகலை, மடுல்சீமை லயங்களுள் நுழைந்த ஆங்கிலம் பெரிதும் பெயர்ச்சொல்லாகவே நின்றது: செக்ரோல், ஸ்டோர், டிஸ்பென்சரி. அம்மொழியின் வினையைக் கற்கும் வாய்ப்புத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிட்டவில்லை. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையையே தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. ஆங்கிலம் அதனுள் அடங்கவில்லை. 1945 இன் இலவசக் கல்வியும் தோட்டப் பாடசாலைகளை எட்டாது நின்றது. அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயாம். தேயிலையை ஏற்றிச்செல்லும் புகையிரதம் 1924 இலேயே பதுளையை அடைந்துவிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இப்பின்னணியில் ஆங்கிலம் பயிலும் மாணவன் முற்றல்லாத வினைகளைக் கண்டு மயங்குவது அறிவுக் குறைவன்று. 'மலைக்குச் சென்று கொழுந்து பறித்து நிறுத்துத் திரும்பினாள்' என்று அவன் வீட்டார் கூறும் வாக்கியத்தில் வினை நான்கு, முற்று ஒன்றே. திணை, பால், எண், இடம் அனைத்தையும் இறுதிவினை சுமக்க, ஏனைய மூன்றும் எச்சமாய் நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'டு கோ', 'கோயிங்', 'கோன்' என்பனவும் இவ்வாறே எழுவாயோடு இயைந்து வாக்கியத்தை முடிக்கும் ஆற்றலற்றவை. 'கோயிங்' பெயராய் நிற்குமிடத்து அது நமது தொழிற்பெயர்.

ஆயின் ஒப்புமை ஓரெல்லை வரையிலேதான். பாடிய, பாடுகின்ற, பாடும் எனத் தமிழ்ப் பெயரெச்சம் காலங்காட்டும். 'சிங்கிங்' தானாகக் காலங்காட்டாது. முற்றுவினையிடமிருந்தே அதனைப் பெறும். 'பாடிய சிறுமியர் வந்தனர்' என்பதை ஆங்கிலப்படுத்த முனையும் மாணவன் இறந்தகாலத்தைக் காட்டும் வேட்கையால் 'த கேர்ள்ஸ் சாங் கேம்' என்று இரு முற்றுக்களை அடுக்கிவிடுகிறான். இடையே 'ஹூ' வேண்டுமென்று திருத்துவதோடு அமையாது, தமிழ் எச்சத்துக்குள் அடங்கிய காலத்தை ஆங்கிலம் தனி வாக்கியக் கூறொன்றில் வைக்கின்றது என விளக்கினால் வழு மீளத் தோன்றாது. காலங்கரந்த 'சிங்கிங்' போன்றதற்கு நெருங்கிய உறவு நம்மிடத்து வினைத்தொகையே. 'ஓடுநீர்' என்பதனை அறிந்தவனுக்கு 'ரன்னிங் வாட்டர்' அந்நியமன்று.

1716 இல் சீகன்பால்கு தமிழிலக்கணத்தை இலத்தீனிலேயே எழுதினார். 1856 இல் கால்டுவெல் திராவிட எச்சங்களுக்கு ஐரோப்பிய இலக்கணப் பெயர்களையே வழங்கினார். தாம் அறிந்ததைக்கொண்டு அறியாததை அளந்தனர் அவர்கள். அதே முறையைத் திருப்பி, நன்னூலின் முற்றையும் எச்சத்தையும் கொண்டு ஆங்கில வினையைக் கற்பிக்கும் பாடநூலொன்று பதுளைப் பாடசாலைகளுக்கென ஆக்கப்படல் வேண்டும். அதனை எழுதத் தக்கோர் அத்தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோரே.