மொந்தாயூ: ஒரு மலைக்கிராமமும் ஒரு விசாரணைப் பதிவேடும்

பிரான்ஸ் என்றதும் ஈபிள் கோபுரமும் வாசனைத் திரவியமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த நாட்டின் தென்கோடியில், ஸ்பெயினைப் பிரிக்கும் பிரனீஸ் மலையடிவாரத்தில், அரியேஜ் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அதில் சுமார் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கும் குட்டி ஊர் மொந்தாயூ. இன்று அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே வசிக்கின்றன. குன்றின் மேல் ஒரு இடிந்த கோட்டை, சரிவில் சில வீடுகள், அவ்வளவுதான்.

700 ஆண்டுகளுக்கு முன்பும் அது பெரிய ஊர் இல்லை. 200 முதல் 250 பேர் இருந்திருக்கலாம். அங்கே எந்த ராஜாவும் பிறக்கவில்லை. ஆனாலும் இடைக்கால ஐரோப்பாவில் சாதாரணக் குடியானவன் எப்படி வாழ்ந்தான், என்ன பேசினான் என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் முதலில் கை காட்டுவது இந்த ஊரைத்தான்!

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். குளிர் அதிகம் என்பதால் திராட்சையும் ஆலிவும் விளையாது. கோதுமை, ஓட்ஸ், டர்னிப் விளைந்தன. மாவு அரைக்க வேண்டுமென்றால் கோவேறு கழுதை மேல் மூட்டையை ஏற்றி ஆக்ஸ் என்ற ஊருக்குப் போக வேண்டும். உண்மையான சொத்து ஆடுகள்தான். மேய்ப்பர்கள் கோடையில் உயரமான புல்வெளிகளிலும், குளிர்காலத்தில் மலையின் தெற்குப் பக்கமான கட்டலோனியாவிலும் மந்தையை மேய்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பன் இரண்டு நாடுகளைப் பார்த்தவனாக இருந்தான். அந்த ஆட்டுப் பாதையில்தான் செய்திகளும் தடைசெய்யப்பட்ட மதமும் நடந்தன.

அந்த மதத்தினரைக் கதார்கள் என்பார்கள். (வளைகுடா நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கண்ணுக்குத் தெரியும் இந்த உலகம் தீய சக்தியின் படைப்பு என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய குருமார்கள் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொட மாட்டார்கள், மணம் செய்யவும் மாட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1209 முதல் 1229 வரை இவர்கள் மேல் சிலுவைப்போரே நடத்தியது. 1244-ல் மொன்செகூர் கோட்டை விழுந்தபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டார்கள். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆக்ஸைச் சேர்ந்த பியேர் ஒத்தியே என்ற பத்திர எழுத்தர், தம்பியோடு இத்தாலிக்குப் போய்க் குருவாகி, 1300 வாக்கில் ஊர் திரும்பினார். இரவில் வீடு வீடாகப் போய்ப் போதித்தார். மொந்தாயூவின் பெரும்பாலான வீடுகள் அவர் பக்கம் சாய்ந்தன.

1308 செப்டம்பரில் கர்கசோன் நகர விசாரணை மன்றம் ஊரில் வயதுவந்த அத்தனை பேரையும் கைது செய்தது. 1310-ல் ஒத்தியேயை எரித்தார்கள். பிறகு 1317-ல் பக்கத்து பாமியே நகருக்கு ழாக் ஃபூர்னியே என்ற பிஷப் வந்தார். ஆள் சாமானியமானவர் இல்லை. சித்திரவதையை அநேகமாக நம்பியிருக்கவில்லை, கேள்விகளை நம்பினார். மக்களின் ஆக்சிதான் மொழி அவருக்கும் தெரியும். 1318 முதல் 1325 வரை 370 நாட்கள் அமர்ந்து 578 விசாரணைகள் நடத்தினார். எழுத்தர்கள் எல்லாவற்றையும் லத்தீனில் பதிந்தார்கள். குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாததும் அதில் ஏறியது: யார் யாருடன் படுத்தார்கள், யார் வீட்டு வாசலில் உட்கார்ந்து யாருக்குப் பேன் பார்த்தார்கள், ஆட்டுக்குட்டிக்கும் வரி கேட்கும் பிஷப்பை எப்படித் திட்டினார்கள் என்பது வரை!

இந்தப் பதிவேட்டில் மறக்க முடியாத ஆள் ஊர்ப் பாதிரியார் பியேர் கிளெர்க். ஞாயிறன்று பூசை வைப்பார், மனதுக்குள் கதார். அவர் அண்ணன்தம்பிகளில் ஒருவர் பிரபுவுக்காக வரி வசூலிக்கும் மணியக்காரர். ஆக, கோயிலும் வரியும் ஒரே வீட்டில். பிடிக்காதவர்களை விசாரணை மன்றத்துக்குக் காட்டிக்கொடுத்தார், வேண்டியவர்களை மறைத்தார். தாயார் இறந்தபோது மாதா கோயில் பீடத்தடியிலேயே புதைத்தார். அந்த அம்மாளும் கதார் ஆதரவாளர் என்பதுதான் வேடிக்கை. கோட்டைக் காவலரின் விதவை பெயாத்ரிஸுடன் அவருக்கு இருந்த உறவை அந்தப் பெண்ணே பிஷப்பிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். கிளெர்க் 1320-ல் கைதாகிச் சிறையிலேயே இறந்தார். பிஷப்பிடம் அவர் சொன்னதாக ஒரு வரிகூட இன்று இல்லை. பெயாத்ரிஸ் 1322-ல் விடுதலையானார், உடையில் மஞ்சள் சிலுவைகளைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மதத்துக்குச் சமமாக அங்கே வீடுதான் எல்லாம். குடும்பத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். மதத்துரோகம் நிரூபணமானால் வீடு பறிபோகும். ஆக்ஸைச் சேர்ந்த அர்னோ சிக்ரின் தாய் கதாராக எரிக்கப்பட, வீடு போனது. அதை மீட்க அவர் கண்டுபிடித்த வழி, ஒரு குருவைப் பிடித்துக்கொடுப்பது. செருப்புத் தைப்பவராக மலையைத் தாண்டிப் போய், அங்கே தஞ்சம் புகுந்திருந்த மொந்தாயூக்காரர்களோடு பழகி, ஒன்றாகச் சாப்பிட்டு, பிஷப் கொடுத்த பணத்தையும் செலவழித்து, பெலிபாஸ்த் என்ற குருவை ஆசைகாட்டி அழைத்து வந்தார். தெற்கு பிரான்ஸின் கடைசிக் கதார் குருவாக அறியப்படும் பெலிபாஸ்த் 1321-ல் எரிக்கப்பட்டார். நடந்ததையெல்லாம் சிக்ரே வாக்குமூலமாகத் தந்திருக்கிறார். அதில் வெட்கம் தெரியவில்லை, கணக்குத்தான் தெரிகிறது. அதே வட்டத்தில் இருந்த பியேர் மோரி என்ற மேய்ப்பர் வேறு மாதிரி. பல முதலாளிகளிடம் கூலிக்கு வேலை பார்த்தவர், நண்பர்களுக்கு வாரிக் கொடுத்தவர். 1324-ல் அவரும் சிறைக்குப் போனார்.

ஃபூர்னியே 1334-ல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆனார். அவிஞ்ஞோனில் இன்றும் நிற்கும் போப் அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர் அவரே. பதிவேடும் கூடவே போனது. அதில் ஒரு தொகுதி வத்திக்கான் நூலகத்தில் தப்பிப் பிழைத்தது. அதை வைத்து இம்மானுவேல் ல ருவா லதுரி 1975-ல் எழுதிய மொந்தாயூ பற்றிய நூல் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. மாட்டிவிடுவதற்காக எழுதிவைத்த காகிதம் இல்லையென்றால் மேய்ப்பன் மோரியின் பெயர்கூட யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த நூல் வெளிவந்தபோது மொந்தாயூவில் கிளெர்க் என்ற குடும்பப் பெயர் இன்னும் இருந்தது.