தோலில் எழுந்த ஊதாப் புள்ளிகள்



எச்.ஐ.வி. என்னும் கிருமிக்கு உலகம் பெயரிடுமுன்பே அக்கிருமிக்குப் பின்னே வந்த புற்றுநோயைக் கண்டுவிட்டது. அந்த வரலாற்றையே இன்று சொல்லக் கருதினேன்.

1872ஆம் ஆண்டில், வியன்னா நகரில் தோல்நோய் வைத்தியராக விளங்கிய மோரிட்ஸ் கப்போசி, ஊதா நிறப் புள்ளிகளாய்த் தோலில் எழும் ஒருவகைப் புற்றுநோயை விவரித்தெழுதினார். பின்னாளில் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. முதியவரிடத்தே அருகிக் காணப்படுவதும் மெல்ல வளர்வதுமான அந்நோயைப் பல வைத்தியர்கள் நூலிற் படித்ததன்றி நேரிற் கண்டதில்லை. இவ்வாறு நூறாண்டு கழிந்தது. 1981 யூன் 5ஆம் நாள், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு அரியதொரு நுரையீரல் அழற்சி கண்டதாக அமெரிக்கச் சுகாதார அறிக்கையொன்று கூறிற்று. யூலை 3ஆம் நாள் வந்த அடுத்த அறிக்கையோ, நியூயோர்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆண்களுக்குக் கப்போசியின் புற்றுநோய் கண்டதென்றது. அவர்தம் சராசரி வயது 39 தான். (யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாகி ஒரு வாரமும் கழியாத நாள்களிலே அந்த முதல் அறிக்கை வெளிவந்தது. சிறுவனாயிருந்த என் காதில் வேறெச் செய்தியும் விழ இடமிருக்கவில்லை.) அந்த 26 பேரும் ஆண்களோடு உறவுகொண்ட ஆண்கள். ஆதலின் இஃது அவர்களுக்கே உரிய நோயென்று உலகம் ஒதுக்கி வைத்தது. 1983இல் பாரிஸ் நகரிலே கிருமி பிரித்தறியப்பட்டபின், அது யாரையும் பற்றும் என்பது தெளிவாயிற்று. ஆனால் ஒதுக்கிய பழக்கம் மட்டும் ஒழியவில்லை.

நம் பக்கத்தில் கதை வேறுவிதமாக நடந்தது. 1986இல் சென்னையில் டொக்டர் சுனிதி சொலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் பெண்கள் சிலரின் இரத்தத்தைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்து, இந்தியாவில் இக்கிருமி உண்டென்று நிறுவினர். அங்கே தோலில் புள்ளிகள் எழுந்து எவரையும் எச்சரிக்கவில்லை. கப்போசியின் புற்றுநோய் இந்தியாவிலே மிக அரிது. ஏனெனில் அதனை விளைப்பது எச்.ஐ.வி. அன்று, 1994இல் சாங், மூர் என்னும் தம்பதியர் கண்டறிந்த வேறொரு வைரசு. அது அங்கே அதிகம் பரவியிருக்கவில்லை.

இவ்விடத்தில்தான் விடயத்தின் வேர் இருக்கிறது. எச்.ஐ.வி. அழிப்பது உடலைக் காக்கும் வெள்ளணுக்களை. எங்கள் முரசுமோட்டை வயற்காரருக்கு இதை விளக்குவது எளிது: வேலி விழுந்த வயலில் கட்டாக்காலி மாடுகள் புகுவதுபோல, ஏற்கெனவே உடலில் அடங்கிக்கிடந்த வைரசுகள் எழுந்து புற்றுநோயை விளைக்கின்றன. நிணநீர்க் கணுக்களிலும் ஈரலிலும் குதவாயிலும் எழும் புற்றுநோய்களிற் பல இவ்வாறு வருவனவே.

1996 முதல் கூட்டு மருந்துகள் வந்தன. வேலி திரும்ப எழுந்தது. கப்போசியின் நோய் வேகமாய்க் குறைந்தது. 2015இல் முடிவு வெளியான, 35 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, நோய் முற்றும்வரை காத்திராமல் உடனே மருந்து தொடங்குவோர்க்கு இத்தகைய புற்றுநோய்கள் குறைகின்றன என்று காட்டிற்று. ஆயினும் ஆயுள் நீண்டவர்க்கு முதுமைக்குரிய புற்றுநோய்களும் வருமன்றோ? மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் புகையை விடாதவர், எயிட்சினால் இறப்பதைவிட நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பே பன்மடங்கு மிகுதியென 2017இல் அமெரிக்கக் கணிப்பொன்று கூறியது. சுருட்டையும் பீடியையும் சிறு குற்றமாகக்கூட எண்ணாத நம் ஆண்கள் இதைச் செவிமடுக்க வேண்டும்.

2017 முதல் நம் பாடசாலைகளில் ஆறாந்தர மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி இடப்படுகிறது. அத்தகைய நாளொன்றில் ஒரு பையன், “எங்களுக்கு இல்லையோ, சேர்?” என்று வினவினான். ஊசிக்குத் தப்பிய மகிழ்ச்சியிலேதான் கேட்டான். எனினும் அவன் கேள்வி சரியானது. அந்த வைரசே ஆண்களுக்குக் குதவாய்ப் புற்றுநோயையும் விளைப்பது. எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடம், சிறப்பாக ஆண்களோடு உறவுகொண்டவரிடம், அது மற்றவரினும் பன்மடங்கு அதிகம். முற்குறிகளைத் தேடிக் கண்டு அகற்றினால் அப்புற்றுநோய் பாதிக்கு மேல் குறைகிறது என்பதை 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது.

இலங்கையில் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்படுவோரிற் பெரும்பாலோர் ஆண்களே. அவருள் ஒருவருக்கு மலத்தோடு இரத்தங் கசிந்தால் என்ன நடக்கிறது? மூலவியாதியென்று தாமே முடிவுகட்டி, கைமருந்தோடு மாதங்களைக் கழிக்கிறார். வைத்தியரிடம் சென்றாலும், தமக்கு எச்.ஐ.வி. உண்டென்பதைச் சொல்ல நாவெழுவதில்லை. சொல்லாவிட்டால் வைத்தியரும் மூலமென்றே கருதக்கூடும். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் வருபவரின் பெயர் இரகசியமாகவே காக்கப்படும். பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை.