செங்கல்பட்டுத் தோள்வடுவும் அம்பிளிக்கையின் ஒற்றைத் தவணையும்

இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் 1997 வரை ஒரே மாவட்டமாக இருந்தன. தெற்கே கல்பாக்கம் கடற்கரையும் வடக்கே திருவள்ளூர்ச் சிற்றூர்களும் அடங்கியிருந்த அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயர் உலகத் தடுப்பூசி வரலாற்றில் நிலைத்ததற்கு, 1968இல் தொடங்கிய காசநோய்த் தடுப்பு ஆய்வே காரணமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து, 209 சிற்றூர்களிலும் 9 நகரங்களிலும் வாழ்ந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியையோ மருந்தில்லா ஊசியையோ செலுத்தியது. எவருக்கு எது போடப்பட்டது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாதபடி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அத்துடன் கையில் டியூபர்குலின் என்னும் சோதனை ஊசியும் போடப்பட்டது. சில நாள் கழித்து ஊழியர் மீண்டும் அதே வீட்டுக்குச் சென்று, கையில் தடித்திருந்த வீக்கத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து ஏட்டில் பதிந்தனர்.

பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு கசப்பானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. அங்கே தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோயல்லாத மைக்கோபாக்டீரியாக்கள் அம்மக்களின் உடலை முன்பே பழக்கிவிட்டிருந்ததால் ஊசியின் விளைவு மறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் விளக்கினர். கைக்குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து காப்பதற்காகப் பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது, தோளில் அது விட்டுச்செல்லும் வடு தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானோருக்கு உண்டு. ஆனால் அந்த வடுவையோ டியூபர்குலின் வீக்கத்தையோ பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதைச் செங்கல்பட்டு மக்களின் பொறுமைதான் உலகுக்கு உணர்த்தியது. நல்ல செய்தி தராத ஆய்வு என்பதால் அதன் பெருமை சிறிதும் குறைவதில்லை.

உடலில் தெரியும் அடையாளம் எப்போது பாதுகாப்பின் அளவுகோலாகும் என்ற அதே கேள்வி, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியில் வேறு வடிவில் எழுந்தது. இப்புற்றுநோய்க்கு மனித பாப்பிலோமா வைரஸ் காரணம் என்று காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸின் மேலுறை எல்1 என்னும் ஒரே புரதத்தால் பெரும்பாலும் அமைந்தது. அப்புரதத்தின் 360 பிரதிகள் ஐந்தைந்தாகக் கூடி 72 மொட்டுகளாகித் தாமாகவே ஓர் உருண்டையாகப் பொருந்திக்கொள்கின்றன. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் இயன் பிரேசரும் ஜியான் சோவும், அமெரிக்காவில் ஜான் ஷில்லரும் டக்ளஸ் லோவியும் இவ்வுருண்டைகளைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கினர். உள்ளே மரபுப்பொருள் இல்லாததால் நோய் உண்டாக்க முடியாத இவை வைரஸ் போன்ற துகள்கள் எனப்படுகின்றன. ஒரே வடிவம் நெருங்கிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதால் பி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் வலுவாகத் தூண்டப்படுகின்றன. அவற்றிலிருந்து தோன்றி எலும்பு மஜ்ஜையில் நெடுங்காலம் தங்கும் அணுக்கள், வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளை இடைவிடாது சுரக்கின்றன.

இத்துகள்களைக் கொண்டு செய்த தடுப்பூசி மூன்று தவணைகளாகவே முதலில் வந்தது. இரண்டு தவணை போதுமா என்று அறிய, பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009இல் இந்தியாவில் தொடங்கிய ஆய்வின் களங்களில் ஒட்டன்சத்திரம் அருகிலுள்ள அம்பிளிக்கையும் ஒன்று. அதே காலத்தில் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு திட்டத்தில் சில சிறுமியர் இறந்தனர். தடுப்பூசி அதற்குக் காரணமில்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தாலும், பெற்றோரின் ஒப்புதல் பெறுவதில் நேர்ந்த குறைகள் உண்மையானவை, அவற்றின் மீது எழுந்த கோபமும் நியாயமானது. 2010 ஏப்ரலில் அரசு இத்தகைய ஆய்வுகள் அனைத்திலும் ஊசி போடுவதை நிறுத்தியது. அம்பிளிக்கை இடம்பெற்ற ஆய்வில் அதுவரை சேர்ந்திருந்த 17,729 சிறுமியரில் 4,950 பேர் ஒரே தவணையோடு நின்றுவிட்டனர்.

ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. சிறுமியர் வளர்ந்து திருமணமாகிப் பதினெட்டு மாதமோ, முதல் பிரசவம் முடிந்து ஆறு மாதமோ ஆகும்வரை காத்திருந்து, அதன் பிறகே கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்தனர். ஒரு தவணை பெற்றவர்களின் எதிர்ப்பொருள் அளவு, கூடுதல் தவணை பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆயினும் அது ஆண்டுக்கணக்கில் சரியாமல் ஒரே மட்டத்தில் நின்றது. 2021இல் வெளியான முடிவின்படி, 16, 18 ஆகிய வைரஸ் வகைகளின் நீடித்த தொற்றை ஒரு தவணை 95.4 விழுக்காடும் மூன்று தவணை 93.3 விழுக்காடும் தடுத்தன. இவ்விரு எண்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதையும் கென்யா முதலிய இடங்களின் ஆய்வுகளையும் கொண்டு, சிறுமியருக்கு ஒரு தவணையே போதுமென ஏற்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. மூன்று ஆண்டு கழித்துத் தமிழ்நாடு அரசின் 2025 நிதிநிலை அறிக்கையில், சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாகப் போடுவதற்கென 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.