அணி மாறிய படைகள்

1767 செப்டம்பரில் திருவண்ணாமலையருகே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஜோசப் ஸ்மித்தை மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாம் அலியும் சேர்ந்து எதிர்த்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் இதே நிஜாம், கும்பினியோடு சேர்ந்து மைசூர்மீது படையெடுத்திருந்தார். மதம் இருவரையும் இணைத்தது என்பது பலவீனமான வாதம்; முதலில் பகைத்தபோதும் மதம் அதேதானே? பணமே காரணம். மராத்தியரும் அவ்வாண்டு ஹைதரிடம் 35 லட்சம் ரூபாய் பேசிக்கொண்டுதான் திரும்பினர். படை நடத்தவும் பணம்தான் வேண்டும்: திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் போன்ற ஏரிப்பாசன ஊர்களின் நிலவரிதான் படைக்குச் சம்பளம். தோற்ற நிஜாம் 1768-இல் கும்பினியிடமே திரும்பினார். இது துரோகம் என்றால், கும்பினி மட்டும் யோக்கியமா? 1769 மதராஸ் உடன்படிக்கையில் ஹைதருக்கு உதவ ஒப்புக்கொண்டது. அடுத்து மராத்தியர் தாக்கியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அணி மாற்றம் அதோடு நிற்கவில்லை: 1790-இல் மராத்தியரும் நிஜாமும் கும்பினிப் பக்கம் சேர்ந்து ஹைதரின் மகன் திப்புவை எதிர்த்தனர்.