கத்திப் பிடியும் முந்திரிக் கொட்டையும்

என் தாயார் விட்டுச் சென்ற கத்தி ஒன்று வீட்டில் இருக்கிறது. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடிதான் தண்ணீர் பட்டுப் பட்டு வெளுத்து, சிராய் கிளம்பிவிட்டது. உப்புத்தாளால் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூசினேன். ஒரு வாரமாகியும் பிசுபிசுப்புப் போகவில்லை.

வரதராஜன்பேட்டைக்குப் போயிருந்தபோது ஒரு தச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"தேங்காயெண்ணெய் எந்தக் காலத்திலேங்க காஞ்சிருக்கு? ஆளிவிதை எண்ணெயை மெலிசாத் தடவி, துடைச்சுட்டுக் காயவிடுங்க. நாலஞ்சு தடவை பூசணும்."

அவர் சொன்னது சரிதான். ஆளிவிதை எண்ணெய் காய்வது, தண்ணீர் ஆவியாவதைப் போன்றதல்ல. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு அது மெல்ல இறுகி, மரத்தின்மேல் ஒரு தோலாகிவிடுகிறது. தேங்காயெண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை.

"முந்திரிக் கொட்டை எண்ணெயும் நல்லாக் காயும். வாசக்காலுக்குப் பூசினா கரையான் அண்டாது. ஆனா கறி நறுக்கிற கத்திக்கு வேண்டாங்க, கை வெந்துடும்" என்றும் சொன்னார்.

அந்த வட்டாரத்துச் செம்மண்ணில் முந்திரி நம் பூர்விகச் சொத்தைப்போல நிற்கிறது. ஆனால் அதன் தாய்நாடு பிரேசில். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை மேற்குக் கரையில் இறக்கினார்கள். பருப்பு உலகமெங்கும் விருந்தாகிவிட்டது. ஓட்டிலுள்ள எண்ணெய்க்கு வெகுகாலம் மவுசு இல்லை. ஓட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்த எண்ணெய்தான்! 1920-களில் அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர் அதிலிருந்து பிசின் செய்யும் வழிகளைக் கண்டார். வார்னிஷுக்கும் மோட்டார் வண்டியின் பிரேக்குக்கும் அது பயன்பட்டது. ஜப்பானியர் தங்கள் பழைய அரக்கு மரப்பாலுக்கு மாற்றாக முந்திரி எண்ணெயில் மெருகு செய்தார்கள். இதில் அதிசயமில்லை. அந்த அரக்கு மரமும், நம் வண்ணார் துணிக்குக் குறியிடும் சேங்கொட்டையும், முந்திரியும் ஒரே குடும்பத்து மரங்கள். மூன்றின் சாறும் கறுக்கும். மூன்றும் தோலைப் புண்ணாக்கும்.

அன்று மாலை ஒரு வீட்டுத் திண்ணையில் சில பெண்கள் வறுத்த கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் பிடிக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துத்தான் இருந்தன. ஓர் அம்மாள் கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியில் ரேகையே தெரியவில்லை.

"ரேகை வைக்கிற மெஷின் என்னை நான் இல்லைங்குதுங்க" என்றாள்.

"கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா?"

"போட்டா வேலை ஓடாதுங்க. எடைக்குத்தானே கூலி?"

வீட்டுக்கு வந்து ஆளிவிதை எண்ணெயை ஐந்து முறை பூசினேன். பிடி இப்போது வழுவழுப்பாக இருக்கிறது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு போகிறது. மரத்தைக் காப்பாற்ற மனிதன் எத்தனையோ எண்ணெய்களைக் கண்டுபிடித்திருக்கிறான். அந்த அம்மாளின் கைக்குக் கிடைத்திருப்பது இன்னும் பழைய சாம்பல்தான்.