சுனாமி தந்த மென்பொருள்

புளியந்தீவில் இருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் கடல்பக்கம். 2004 டிசம்பர் 26இல் நாவலடி, கல்லடி எல்லாம் அழிந்தபோது எங்களில் பலர் பிறக்கவேயில்லை. பெரியாக்கள் சொல்லிக் கேட்டதுதான். தப்பின சனம் பாடசாலைகளில் தங்கியிருக்க, எல்லாரிட்டயும் ஒரே கேள்வி: ஆர் எங்க இரிக்காங்க?

அந்தக் கேள்விக்காகவே இலங்கைக் கணினித் துறைத் தன்னார்வலர்கள் கொழும்பில் அவசரமாக எழுதின மென்பொருள் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் எண்டு அர்த்தம். காணாமல் போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிந்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் ஆரும் எடுத்துப் பாவிக்கலாம்.

ஆனால் அது எங்கட சுனாமிக்கெண்டு தைத்த சட்டை. அதனால் 2005இல் அடியில் இருந்து திரும்ப எழுதினார்கள். அந்த ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, பிறகு யோக்யகார்த்தா எண்டு அது ஊர் ஊராகப் போனது. ஒவ்வொரு இடத்திலும் தேவை வேறு. இங்க கிராம சேவகர் பிரிவு, பிலிப்பைன்ஸில் பரங்காய். ஒவ்வொரு நாடும் பிரதி எடுத்து உள்ளுக்குள் மாற்றினால், ஒருவர் திருத்தின பிழை மற்றவருக்குப் போய்ச் சேராது.

2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் களமிறங்கிய 'சஹானா ஈடன்' இதற்கு வழி கண்டது. எல்லாருக்கும் பொதுவான மூலம் ஒன்று. எந்தப் பகுதிகள் வேணும், இடங்களை எப்படிப் பிரிக்கிறது, என்ன மொழி என்பதெல்லாம் தனிக் கோப்புறையில் ஒரு வார்ப்புருவாக இருக்கும். புதிதாக நிறுவுகிறவர் கிட்டமுட்டப் பொருந்தும் ஒன்றை எடுத்துத் திருத்தினால் போதும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கு. மூலம் மாறினால் பழைய வார்ப்புரு வேலை செய்யாமல் போகலாம். எது எந்தப் பதிப்புக்கு உரியது எண்டு குறித்து வைக்கவேணும். இன்றைய ஹெல்ம் கருவியில் வார்ப்புருத் தொகுப்புக்கு ஒரு பதிப்பெண்ணும், அது நிறுவும் மென்பொருளுக்கு இன்னொரு எண்ணும் இருப்பது இதுக்குத்தான்.

2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருது சஹானாவுக்குக் கிடைத்தது. உதவி வாங்கின சனமாகவே எங்களைச் சொல்லுவார்கள். எங்கட இழப்பில் இருந்து வந்த ஒன்று ஹெய்ட்டி வரைக்கும் போனதை ஆரும் சொல்லுறதில்லை.

ஆனாலும் வார்ப்புருவின் வெற்றிடங்களை ஊராக்கள்தான் நிரப்பவேணும். ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். தேடுகிற தாய்க்கு ஒன்றுதான் தெரியும். மாரி வெள்ளம் வந்த பிறகு இருந்து அதை யோசிக்க நேரம் இராது.