சொங்கேச்சொன் ஓடை

தென்கொரியத் தலைநகர் சியோலின் நடுவே, மேம்பாலச் சாலையை இடித்து மீட்கப்பட்ட ஓடையும் அதன் கரையோரப் பூங்காவும். மீட்கப்பட்ட பகுதியின் நீளம் சுமார் 5.8 கிலோமீட்டர். மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் இது, சோசன் அரச மரபின் காலத்தில் நகரின் வடிகாலாக இருந்தது. கொரியப் போருக்குப் பின் கரைகளில் குடிசைகள் பெருகி நீர் சாக்கடையானது. 1958 முதல் ஓடை கான்கிரீட்டால் மூடப்பட்டது. 1970களில் அதன்மேல் மேம்பாலச் சாலை முழுமை பெற்றது.

பாலம் பழுதுபட்டபோது, செப்பனிடுவதற்குப் பதிலாக அகற்ற மேயர் லீ மியுங் பாக் முடிவெடுத்தார். 2003 ஜூலையில் தொடங்கிய பணி 2005 அக்டோபர் 1 அன்று நிறைவுற்றது. இயற்கை நீர்வரத்து குறைவு என்பதால் பெரும்பகுதி நீர் ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுகிறது. இத்திட்டத்தின் முதன்மைக் குறை இதுவே. சாலையோர வணிகர் பலர் இடம்பெயர நேர்ந்ததும் மறக்கத் தக்கதன்று. எனினும் கோடையில் ஓடையோரம் அருகிலுள்ள சாலைகளைவிடக் குளிர்ச்சியாக உள்ளது. மீன்களும் பறவைகளும் திரும்பியுள்ளன. பழைய பாலத்தின் மூன்று தூண்கள் மட்டும் இடிக்கப்படாமல், உடைந்த தலைகளுடன் நீரோட்டத்தின் நடுவே நினைவுச்சின்னமாக நிற்கின்றன.